பத்து நாட்கள் எங்கே போயின?

எங்கள் பங்கு ஆலயத்தின் வடபுறத்தில் ஒரு வேப்பமரம் நிற்கிறது. அதன் அடியிலுள்ள கல்மேடையில் மாலைதோறும் நண்பர்கள் நால்வர் கூடுவது பல ஆண்டுப் பழக்கம். ஒருவர், வரலாறு கற்பித்து ஓய்வு பெற்ற ஆசிரியர். ஒருவர், எங்கள் பங்கின் உபதேசியார். மூன்றாமவர், கடைத்தெருவில் தையற்கடை வைத்திருப்பவர். நான்காமவன் நான், அஞ்சலகத்தில் முப்பத்தொரு ஆண்டுகள் பணியாற்றியவன்.

எங்கள் பேச்சு எப்போதும் ஒரே விதமாகத்தான் தொடங்கும். தையற்காரர் கடையை மூடும்போது, சுவரில் தொங்கும் நாட்காட்டியில் அன்றைய தாளைக் கிழித்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு வருவார். மேடையில் அமர்ந்ததும் அதை விரித்து, "இன்று என்ன நாள், சொல்லுங்கள் பார்ப்போம்" என்பார். உபதேசியார் அன்றைய புனிதரின் பெயரைச் சொல்வார். ஆசிரியர் அன்று நிகழ்ந்த போரையோ உடன்படிக்கையையோ சொல்வார். நவம்பர் 8 வந்தால், தமிழுக்குத் தேம்பாவணி தந்த வீரமாமுனிவர் 1680-இல் இத்தாலியில் பிறந்த நாள் என்று மறவாமல் நினைவூட்டுவார். நான் என் துறையை விடுவேனா? பிப்ரவரி 18 வந்தால், 1911-இல் அலகாபாத்திலிருந்து யமுனைக்கு அப்பால் நைனிக்கு ஏறத்தாழ 6,500 கடிதங்களை ஒரு விமானம் சுமந்து சென்ற நாள் என்பேன். உலகில் அரசு ஏற்பாட்டில் நடந்த முதல் விமான அஞ்சல் அது. நவம்பர் 21 வந்தால், விடுதலை பெற்ற இந்தியாவின் முதல் அஞ்சல் தலை 1947-இல் வெளிவந்த நாள் என்பேன்.

இவற்றால் யாருக்கு என்ன பயன் என்று கேட்போர் உண்டு. சென்னை வானொலியில் தென்கச்சி கோ. சுவாமிநாதன் அவர்கள் நாள்தோறும் வழங்கிய 'இன்று ஒரு தகவல்' நிகழ்ச்சிக்காக, கையிலிருந்த வேலையை நிறுத்திவிட்டுக் காத்திருந்த குடும்பங்கள் எத்தனை! ஒரு சிறு செய்தி நாவில் இனிப்பாய்க் கரையும். பிறகு அதைப் பிறருக்குச் சொல்லவேண்டும் என்ற ஆவல் எழும். நட்பு வளர்வதற்கு அவ்வளவு போதும் அன்றோ?

ஆயினும், சொல்லும் சிறு செய்தி மெய்யானதா என்று பாராமல் சொன்னால் என்ன நேரும் என்பதை எனக்கு ஒரு பள்ளிச் சிறுமி கற்பித்தாள். அந்தக் கதையைத்தான் இங்கே எழுதத் துணிந்தேன்.

நான் தந்த தவறான தீர்ப்பு

பங்குத் திருவிழாவையொட்டி மறைக்கல்வி மாணவர்களுக்கு வினாடி வினாப் போட்டி ஒன்று நடந்தது. "இன்று என்ன நாள்" என்ற பகுதிக்கு வினாக்கள் தயாரித்துக் கேட்கும் பொறுப்பு என்னிடம் ஒப்படைக்கப்பட்டது. என் கையிருப்பிலிருந்து மிகச் சிறந்ததென நான் கருதிய வினாவை இறுதிச் சுற்றுக்கென ஒதுக்கி வைத்திருந்தேன்.

"உலகம் போற்றும் எழுத்தாளர் இருவர் ஒரே நாளில் மறைந்தனர். அவர்கள் யார்? அந்த நாள் எது?"

ஆங்கில நாடகப் புலவர் ஷேக்ஸ்பியரும், 'டான் குவிக்சோட்' எழுதிய இசுபானியர் செர்வாண்டிசும் 1616 ஏப்ரல் 23 அன்று மறைந்தனர் என்பதே நான் எதிர்பார்த்த விடை. ஒன்பதாம் வகுப்பு மாணவி ஒருத்தி எழுந்தாள். அதுவரை முதலிடத்தில் இருந்தவள் அவளே.

"ஐயா, நீங்கள் ஷேக்ஸ்பியரையும் செர்வாண்டிசையும் கேட்கிறீர்கள். ஆனால் அவர்கள் ஒரே தேதியில் இறந்ததாகத்தான் சொல்லுகிறார்கள். ஒரே நாளில் இறக்கவில்லை" என்றாள்.

மண்டபத்தில் சிரிப்பொலி எழுந்தது. தேதி ஒன்றானால் நாளும் ஒன்றுதானே! நானும் சிரித்துவிட்டு, "விடை தவறு" என்று தீர்ப்பளித்தேன். அவள் மறுவார்த்தை பேசாமல் அமர்ந்தாள். முதற்பரிசு வேறொரு மாணவனுக்குச் சென்றது.

அன்று மாலை வேப்பமரத்தடியில் இதை வேடிக்கையாக எடுத்துரைத்தேன். உபதேசியாரும் தையற்காரரும் நகைத்தனர். ஆசிரியர் நகைக்கவில்லை. சற்று நேரம் மௌனமாயிருந்துவிட்டு, "அந்தப் பிள்ளை சொன்னதுதான் சரி. தவறு உம்முடையது" என்றார்.

எனக்கு முகம் சுருங்கிற்று. முப்பத்தொரு ஆண்டுகள் காலையில் எழுந்ததும் அஞ்சலகத்தில் நான் செய்த முதல் வேலை, முத்திரையில் தேதியை மாற்றி, வெற்றுத்தாளில் ஒரு முறை குத்திப் பார்ப்பதுதான். தேதி என்பது இரும்பில் வார்த்த எழுத்து. அதற்கு இரண்டு பொருள் இருக்க முடியாது என்று நம்பி வாழ்ந்தவன் நான். அந்த நம்பிக்கையை ஆசிரியர் அன்று மாலை மெல்ல மெல்லக் கழற்றி எடுத்தார்.

பதினோரு நிமிடம் செய்த வேலை

கிறிஸ்து பிறப்பதற்கு 45 ஆண்டுகளுக்கு முன்னர் உரோமையில் ஜூலியஸ் சீசர் ஒரு புதிய நாட்காட்டியை நடைமுறைக்குக் கொணர்ந்தார். ஓர் ஆண்டுக்கு 365 நாட்கள். நான்கு ஆண்டுகளுக்கு ஒரு முறை ஒரு நாள் கூடும். அதாவது ஆண்டின் சராசரி அளவு 365 நாள் 6 மணி. ஆனால் பருவங்கள் ஒரு சுற்றுச் சுற்றி வருவதற்கு உண்மையில் 365 நாள் 5 மணி 48 நிமிடம் 45 வினாடியே ஆகிறது. வேறுபாடு ஏறத்தாழ 11 நிமிடங்கள்.

பதினோரு நிமிடம் ஒரு பொருட்டா என்று தோன்றும். ஆனால் அது 128 ஆண்டுகளில் ஒரு முழு நாளாகிவிடும். கி.பி. 325-இல் நிசேயா பொதுச்சங்கம் கூடிய காலத்தில், பகலும் இரவும் சமமாகும் இளவேனில் நாள் மார்ச் 21-ஐ ஒட்டி வந்தது. உயிர்ப்புத் திருநாளைக் கணிப்பதற்கு அந்த நாளே அடிப்படை. பதினாறாம் நூற்றாண்டில் அந்தச் சமநாள் மார்ச் 11-க்கு நகர்ந்துவிட்டது. இப்படியே விட்டால் உயிர்ப்புத் திருநாள் சிறுகச் சிறுகக் கோடைக்குள் சென்றுவிடும்.

இதைத் திருத்த முன்வந்தவர் திருத்தந்தை பதின்மூன்றாம் கிரகோரியார். இத்தாலிய மருத்துவர் அலோய்சியுஸ் லிலியுஸ் வகுத்த திட்டத்தை, இயேசு சபைக் கணித அறிஞர் கிறிஸ்தோபர் கிளாவியுஸ் உள்ளிட்ட குழுவினர் ஆராய்ந்தனர். 1582 பிப்ரவரி 24 என்று நாளிட்ட ஆணை வெளிவந்தது. அவ்வாண்டு அக்டோபர் 4, வியாழக்கிழமை. மறுநாள் வெள்ளிக்கிழமை, ஆனால் அதன் தேதி அக்டோபர் 15! இடையிலிருந்த பத்துத் தேதிகள் நீக்கப்பட்டன. கிழமை வரிசை மட்டும் அறுபடவில்லை.

இனிமேல் பிழை சேராதிருக்க ஒரு விதியும் வகுத்தனர். நூற்றாண்டு முடியும் ஆண்டுகளில் 400-ஆல் வகுபடுபவை மட்டுமே மிகுநாள் ஆண்டுகள். ஆகவே 1700, 1800, 1900 ஆகியவற்றில் பிப்ரவரி 29 இல்லை. 1600-இலும் 2000-இலும் இருந்தது. இத்திருத்தத்திற்குப் பின்னும் எஞ்சியிருக்கும் பிழை ஆண்டுக்கு அரை நிமிடம்கூட ஆகாது. ஒரு நாள் பிசகுவதற்கு மூவாயிரம் ஆண்டுகளுக்கு மேல் ஆகும்.

"அந்தப் பத்து நாளில் பிறந்தவர்கள் என்ன செய்தார்கள்?" என்று தையற்காரர் வியப்புடன் வினவினார்.

"அந்த நாட்டில் அந்தத் தேதிகளில் ஒருவரும் பிறக்கவில்லை, ஒருவரும் இறக்கவுமில்லை" என்றார் ஆசிரியர்.

உடனே உபதேசியார் நிமிர்ந்து உட்கார்ந்தார். "அப்படியானால், பெரிய தெரசம்மாள்?"

அவர் கேட்டது பொருத்தமான கேள்வியே. அவிலா நகரத்துப் புனித தெரசம்மாள் இசுபானிய நாட்டின் ஆல்பா தெ தோர்மெஸ் என்னும் ஊரில் 1582 அக்டோபர் 4 இரவு உயிர் நீத்தார். மறுநாள் அவருடைய உடல் நல்லடக்கம் செய்யப்பட்டது. அந்த மறுநாளின் தேதி அக்டோபர் 15! இடையே கழிந்தது ஓர் இரவுதான். திருச்சபை அவருடைய திருநாளை இன்றளவும் அக்டோபர் 15-இல் கொண்டாடுவதன் காரணம் இதுவே. அக்டோபர் 4 ஏற்கெனவே அசிசி நகரத்துப் புனித பிரான்சிசுக்கு உரியது. அவரும் 1226 அக்டோபர் 3 மாலையில் மறைந்தவர். கதிரவன் மறைந்தபின் மறுநாள் தொடங்கிவிட்டதாகக் கொள்ளும் பழைய முறைப்படி அவருடைய திருநாள் 4-ஆம் தேதிக்கு வந்தது.

ஒரு கடலுக்கு இருபுறமும் இரு தேதி

இசுபானியா, போர்ச்சுக்கல், போலந்து, இத்தாலியின் பெரும்பகுதி ஆகியவை திருத்தந்தை குறித்த நாளிலேயே மாறின. பிரான்சு அதே ஆண்டு டிசம்பர் 9-ஐ அடுத்து டிசம்பர் 20 என்று மாற்றிக்கொண்டது. ஆனால் உரோமையோடு பிணக்குக் கொண்டிருந்த நாடுகள் கணக்குச் சரியென்று அறிந்தும் ஏற்கத் தயங்கின. இங்கிலாந்து 170 ஆண்டுகள் காத்திருந்தது. 1752 செப்டம்பர் 2, புதன்கிழமைக்கு மறுநாளை அங்கே செப்டம்பர் 14, வியாழக்கிழமை என்று வைத்தார்கள். அதற்குள் வேறுபாடு பதினொரு நாளாகியிருந்தது.

இப்போது என் வினாவுக்கு வருவோம். 1616-இல் இசுபானியா புதிய நாட்காட்டியிலும் இங்கிலாந்து பழைய நாட்காட்டியிலும் இருந்தன. இங்கிலாந்தில் ஏப்ரல் 23 ஆனபோது இசுபானியாவில் மே 3 பிறந்துவிட்டது. செர்வாண்டிஸ் மண்ணுக்குள் சென்று பத்து நாள் கழித்தே ஷேக்ஸ்பியர் இறந்தார். போதாக்குறைக்கு, ஏப்ரல் 23 என்பது செர்வாண்டிஸ் அடக்கம் செய்யப்பட்ட தேதி, அவர் உயிர் நீத்தது முந்திய நாள் என்று அறிஞர் பலர் கொள்கின்றனர். இந்தத் தேதிப் பொருத்தத்தையும் கருதியே யுனெஸ்கோ நிறுவனம் 1995-இல் ஏப்ரல் 23-ஐ உலகப் புத்தக நாளாக அறிவித்தது. ஒரே தேதி என்பது மெய். ஒரே நாள் என்பது பொய். அந்தச் சிறுமி ஒரு சொல்லைக்கூடப் பிழையாகச் சொல்லவில்லை.

"கலிலேயோ இறந்த ஆண்டில் நியூட்டன் பிறந்தார் என்று சொல்லுவார்களே, அதுவும் இப்படித்தானா?" என்று கேட்டேன். அதுவும் இப்படித்தான். கலிலேயோ இத்தாலியில் இறந்தது புதிய கணக்கில் 1642 ஜனவரி 8. நியூட்டன் இங்கிலாந்தில் பிறந்தது பழைய கணக்கில் 1642 கிறிஸ்துமஸ் அன்று. புதிய கணக்கில் அது 1643 ஜனவரி 4. இருவரையும் ஒரே கோலால் அளந்தால் ஆண்டு வேறாகிவிடுகிறது.

அக்காலத்து இங்கிலாந்தில் ஆண்டு பிறந்ததும் ஜனவரி முதல் நாளில் அன்று. மங்கள வார்த்தைத் திருநாளாகிய மார்ச் 25-இல்தான் சட்டப்படி புத்தாண்டு. மன்னன் முதலாம் சார்லஸ் தலை துணிக்கப்பட்ட ஜனவரி 30-ஐ அக்கால ஆங்கிலேயர் 1648 என எழுதினர். நாம் 1649 என்கிறோம்.

நம் நாட்டிலும் இந்தக் குழப்பம் இருந்தது என்று ஆசிரியர் சொன்னபோது நாங்கள் இன்னும் அருகில் நெருங்கி அமர்ந்தோம். சென்னையில் ஆங்கிலேயர், புதுச்சேரியில் பிரெஞ்சுக்காரர். இடையே 150 கிலோமீட்டர் தொலைவு. ஆயினும் இங்கே ஒரு தேதி, அங்கே பதினொரு நாள் தள்ளி வேறொரு தேதி. 1746-இல் பிரெஞ்சுப் படைத்தலைவர் லபூர்தொனே சென்னைக் கோட்டையைக் கைப்பற்றினார். ஆங்கிலேயர் கணக்கில் கோட்டை பணிந்தது செப்டம்பர் 10. பிரெஞ்சுக்காரர் கணக்கில் செப்டம்பர் 21. நம் மக்களுக்கோ அது அட்சய ஆண்டு புரட்டாசி மாதம். புதுச்சேரியில் துய்ப்ளேக்குத் துபாசியாயிருந்த ஆனந்தரங்கப் பிள்ளை 1736 முதல் 1761 வரை தமிழில் எழுதிய நாட்குறிப்பில் தமிழ்த் தேதியையும் ஐரோப்பியத் தேதியையும் சேர்த்தே குறித்தார். இன்ன தேதி என்று மட்டும் எழுதினால் போதாது, யாருடைய தேதி என்றும் எழுத வேண்டும் என்பதை அந்தத் தமிழர் அறிந்திருந்தார்.

தமிழ் எழுத்தில் அச்சான முதல் நூலுக்கும் இந்தக் கணக்கு பொருந்தும். இயேசு சபைக் குரு அன்றிக்கே அடிகளார் முயற்சியில் 'தம்பிரான் வணக்கம்' கொல்லத்தில் அச்சேறியது 1578 அக்டோபர் 20. பதினாறே பக்கங்கள் கொண்ட அந்நூலின் படி ஒன்று இன்று அமெரிக்காவில் ஹார்வர்டு பல்கலைக்கழக நூலகத்தில் இருக்கிறது. ஆனால் அந்தத் தேதி, நாட்காட்டி திருத்தப்படுவதற்கு நான்கு ஆண்டுகளுக்கு முற்பட்டது. இன்றைய கணக்கில் அது அக்டோபர் 30. தமிழ் அச்சின் பிறந்த நாளை எந்த நாளில் கொண்டாடுவது? இரண்டிலும் கொண்டாடினால் நட்டமில்லை என்றார் தையற்காரர்!

நாட்காட்டியின் விந்தைகள்

அன்று தொடங்கிய பேச்சு ஒரு வாரம் நீடித்தது. ஒவ்வொரு மாலையும் யாரேனும் ஒருவர் ஒரு விந்தையுடன் வந்தார்.

பிப்ரவரிக்கு 30-ஆம் தேதி உண்டா? சுவீடன் நாட்டில் ஒரு முறை இருந்தது. மிகுநாட்களை ஒவ்வொன்றாக நீக்கிப் புதிய கணக்கை மெதுவாய் எட்டலாம் என்று 1700-இல் தொடங்கிய சுவீடன், பாதியில் குழம்பி, பழைய கணக்குக்கே திரும்ப முடிவு செய்தது. அதற்காக 1712 பிப்ரவரிக்கு முப்பது நாட்கள் வைத்தது. அன்று பிறந்த குழந்தைக்கு மீண்டும் ஒரு பிறந்த நாள் வரவே இல்லை.

இரஷ்யாவின் அக்டோபர் புரட்சி நினைவுநாள் நவம்பர் 7-இல் வருவானேன்? 1917-இல் இரஷ்யா பழைய நாட்காட்டியில் இருந்தது. அங்கே அக்டோபர் 25. பிற நாடுகளில் நவம்பர் 7. மறு ஆண்டு ஜனவரி 31-க்கு அடுத்த நாளைப் பிப்ரவரி 14 என்று வைத்து இரஷ்யா மாறிக்கொண்டது. ஆயினும் இரஷ்ய மரபுவழித் திருச்சபை பழைய கணக்கையே பேணுவதால், அதன் கிறிஸ்துமஸ் நம் ஜனவரி 7-இல் வருகிறது.

நாட்காட்டி மாறாமலே நாள் காணாமற் போவதும் உண்டு. 1519-இல் மகெல்லன் தலைமையில் ஐந்து கப்பல்கள் மேற்கு நோக்கிப் புறப்பட்டன. உலகைச் சுற்றிய விக்டோரியா என்னும் கப்பல் 1522 ஜூலையில் கேப் வெர்டே தீவை அடைந்தபோது, கப்பல் குறிப்பின்படி புதன்கிழமை; கரையிலிருந்தவர்களுக்கு வியாழக்கிழமை. நாள் தவறாமல் குறிப்பு எழுதி வந்த பிகபெத்தா திகைத்துப் போனார். கதிரவனோடு மேற்கே சுற்றி வந்ததால் ஒரு பகல் ஓர் இரவு அவர்களுக்குக் குறைந்திருந்தது. அவர்கள் வெள்ளிக்கிழமை என்று எண்ணி ஒறுத்தல் கடைப்பிடித்த நாள் உண்மையில் சனிக்கிழமையாய் இருந்திருக்கும்! பின்னாளில் பன்னாட்டுத் தேதிக்கோடு வகுக்கப்பட்டது. அக்கோட்டின் மறுபுறத்துக்கு மாற விரும்பிய சமோவாத் தீவு நாடு 2011-இல் டிசம்பர் 30, வெள்ளிக்கிழமையை அறவே விட்டுவிட்டது. அதற்கு நேர்மாறாக, 1867-இல் இரஷ்யாவிடமிருந்து அமெரிக்கா வாங்கிய அலாஸ்காவில் ஒரு வெள்ளிக்கிழமைக்கு அடுத்த நாளும் வெள்ளிக்கிழமையே ஆயிற்று.

இவற்றிடையே ஆசிரியர் ஓர் எச்சரிக்கையும் செய்தார். 1752-இல் பதினொரு நாளைத் திருப்பித் தருமாறு கேட்டு ஆங்கில மக்கள் தெருவில் கலகம் செய்தனர் என்று பல நூல்கள் எழுதியுள்ளன. அத்தகைய கலகம் நடந்ததற்குச் சான்றில்லை என்பதே இன்றைய வரலாற்றறிஞர் முடிவு. ஓவியர் ஹோகார்த் தேர்தல் விருந்தைக் கேலியாய்த் தீட்டிய படமொன்றில் இதைக் குறிக்கும் ஒரு பதாகை கிடந்தது. படத்தில் கண்டதைப் பின்வந்தோர் நடந்ததாக எண்ணிவிட்டனர். சுவையான செய்திதான் பொய்யாவதற்கு எளிது. சுவைக்காகவே அதை யாரும் சோதித்துப் பார்ப்பதில்லை. நான் செய்த பிழையும் இதுவே. கைப்பேசியில் காலைதோறும் வந்து குவியும் "இன்று" செய்திகளைப் படித்தவுடன் பிறருக்கு அனுப்பிவிடுகிறோமே, ஒரு கணமேனும் நின்று, "இது மெய்தானா?" என்று கேட்கிறோமா?

மன்னிப்புக் கேட்ட ஞாயிறு

அடுத்த ஞாயிறு திருப்பலிக்குப் பின் மறைக்கல்வி வகுப்புக்குச் சென்றேன். போட்டியில் அமர்ந்திருந்த மாணவர்கள் அனைவர் முன்னிலையிலும், "நான் கேட்ட வினா தவறு; இந்தத் தங்கை சொன்ன விடை சரி; நாம் சிரித்தது முறையன்று" என்று சொன்னேன். பரிசை மீண்டும் மாற்றுவது அந்த மாணவனுக்கு வருத்தம் தரும் என்பதால், அதே போன்ற அகராதி ஒன்றை என் செலவில் வாங்கி அவளிடம் கொடுத்தேன்.

"இதை உனக்கு யார் சொன்னார்கள் அம்மா?" என்று கேட்டேன்.

"யாரும் சொல்லவில்லை ஐயா. பள்ளி நூலகத்தில் நியூட்டன் பற்றிய புத்தகத்தில் அவருக்கு இரண்டு பிறந்த தேதி போட்டிருந்தது. ஏன் என்று தேடிப் பார்த்தேன்" என்றாள். பிறகு சற்றுத் தயங்கி, "அடுத்த ஆண்டும் அந்தக் கேள்வியைக் கேளுங்கள் ஐயா. ஆனால் சரியாகக் கேளுங்கள்" என்றாள்.

நாங்களோ கேட்டதை நம்பியே முதுமை எய்தியவர்கள். அவள் கண்டதைக் கேள்வி கேட்டவள். வயது அறிவுக்கு அளவாகுமா?

தையற்காரரின் பிறந்த நாள்

இந்தக் கதை இங்கே முடிந்திருக்கலாம். ஆனால் ஒரு மாலை, இருபத்துமூவர் ஓரிடத்தில் கூடினால் அவர்களுள் இருவருக்குப் பிறந்த நாள் ஒன்றாயிருக்கும் வாய்ப்பு பாதிக்குச் சற்று மேல் என்றும், ஐம்பத்தேழு பேர் கூடினால் அது நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது என்றும் ஆசிரியர் கணக்குச் சொல்லிக்கொண்டிருந்தார். நாங்கள் ஒவ்வொருவரும் எங்கள் பிறந்த தேதியைச் சொன்னோம். தையற்காரர் மட்டும் பேசாதிருந்தார்.

"எனக்குப் பிறந்த நாள் என்று ஒன்று இருந்தால்தானே சொல்வதற்கு!" என்றார் பின்னர். "பள்ளியில் சேர்க்கப் போனபோது என் தாயாருக்குத் தேதி தெரியவில்லை. அறுவடை முடிந்து பிறந்தவன் என்றுதான் சொன்னார்களாம். வாத்தியார் ஜூன் 1 என்று தாமே எழுதிக்கொண்டார். நாள்தோறும் உங்களுக்கு இன்று என்ன நாள் என்று கேட்கிறேன். என் நாள் எது என்று எனக்கே தெரியாது."

எத்தனை ஆண்டு நட்பு! ஊர் பேர் தெரியாத அரசர்களின் பிறந்த நாளெல்லாம் எங்களுக்கு மனப்பாடம். அருகில் அமர்ந்திருந்தவரின் நாளை ஒருவரும் கேட்டதில்லை. எங்களுக்கு வெட்கமாயிற்று.

உபதேசியார் மறுநாள் பங்குத்தந்தையிடம் அனுமதி பெற்று, பழைய ஞானஸ்நானப் பதிவேட்டைத் தேடி எடுத்தார். கரையான் ஓரத்தைத் தின்றிருந்த ஒரு பக்கத்தில், தந்தை பெயர், தாய் பெயர், ஞானத்தாய் பெயர் எல்லாம் ஒழுங்காய் இருந்தன. ஞானஸ்நானம் பெற்ற தேதியும், அதற்கு ஒன்பது நாள் முந்தைய பிறந்த தேதியும் அங்கே இருந்தன: பிப்ரவரி 11, லூர்து அன்னையின் திருநாள். 1858-இல் அந்தத் தேதியில்தான் பெர்னதெத் என்னும் ஏழைச் சிறுமி மசபியேல் குகையில் அன்னையின் முதற்காட்சியைக் கண்டாள். உபதேசியார் அதைச் சொன்னபோது தையற்காரரின் கண்கள் கலங்கின. பள்ளி வாத்தியார் தந்த ஜூன் 1-ஐ அவர் தூற்றவில்லை. "அதுவும் இருக்கட்டும், எனக்கு இனி நியூட்டனைப் போல் இரண்டு" என்றார்.

அந்தப் பிப்ரவரி 11 வந்தபோது வேப்பமரத்தடியில் எள்ளுருண்டையும் தேநீரும் வைத்துக் கொண்டாடினோம். நாட்காட்டித் தாளின் பின்புறத்தில் நால்வரும் கையெழுத்திட்டு அவரிடமே கொடுத்தோம்.

திருச்சபையின் 'இன்று' நூல்

"இன்று என்ன நாள்" என்னும் வழக்கம் திருச்சபைக்குப் புதியதன்று. ஒவ்வொரு நாளும் விண்ணகம் சென்ற புனிதர்களின் பெயர்களை நாள் வரிசையில் கூறும் 'உரோமை மறைசாட்சியர் நூல்' துறவு மடங்களில் நூற்றாண்டுகளாய் வாசிக்கப்பட்டு வருகிறது. நாட்காட்டியைத் திருத்திய அதே கிரகோரியார்தாம் 1584-இல் இந்நூலின் அதிகாரபூர்வப் பதிப்புக்கும் ஒப்புதல் அளித்தார். நாள் இன்னதென்று ஒழுங்கு செய்தவர், அந்த நாளில் யாரை நினைப்பது என்பதையும் ஒழுங்கு செய்தார். இரண்டாம் வத்திக்கான் சங்கத்திற்குப் பின் திருத்தப்பெற்ற பதிப்பு 2001-இல் வெளிவந்தது. அந்நூலில் புனிதரின் இறப்பு நாளே அவருடைய பிறந்த நாளாகக் கருதப்படுகிறது. விண்ணகத்தில் அவர் பிறந்த நாள் அது.

இறந்தவர் எந்த நாட்காட்டியில் இறந்தார் என்பதைத் தாண்டி, அவரை நினைப்பதற்கென்று நாம் கூடி ஒப்புக்கொண்ட நாளே நினைவுநாள். புனித தோமையாரின் திருநாளை உரோமை நாட்காட்டி நூற்றாண்டுகளாய் டிசம்பர் 21-இல் வைத்திருந்தது. 1969-இல் வெளியான திருத்தத்தில் ஜூலை 3-க்கு மாற்றியது. அதனால் தோமையார் நமக்கு அந்நியராகிவிட்டாரா? தேதி ஒரு பாத்திரம். நினைவே அதில் ஊற்றும் நீர். பாத்திரம் ஓட்டையின்றி இருக்க உண்மை வேண்டும். நீர் வற்றாமல் இருக்க அன்பு வேண்டும்.

அன்பார்ந்த வாசகர்களே! உங்கள் இல்லத்துச் சுவரிலும் நாட்காட்டி தொங்கும். அதில் அச்சடித்த செய்தியைப் பிள்ளைகளோடு சேர்ந்து வாசியுங்கள். அது மெய்தானா என்று தேடிப் பார்க்கப் பழக்குங்கள். பிறகு, அச்சில் வராத செய்தி ஒன்றையும் கேளுங்கள். பாட்டிக்குத் திருமணம் நடந்தது என்றைக்கு? தாத்தா இந்த ஊருக்கு முதன்முதலாய் வந்தது எந்த மழைக்காலத்தில்? பெரியவர்களுக்குத் தேதி தெரியாவிட்டால் பங்கின் பதிவேட்டில் கேட்டுப் பாருங்கள். கிடைத்ததை நாட்காட்டியில் ஒரு வட்டமிட்டு எழுதி வையுங்கள்.

இவ்வாண்டு வினாடி வினாவிலும் வினாக்கள் தயாரிக்கும் பொறுப்பை என்னிடமே தந்திருக்கிறார்கள். எழுதி முடித்த தாளை அச்சுக்குக் கொடுக்குமுன், அந்தச் சிறுமியின் வீட்டுக்கு ஒரு முறை சென்று வரவேண்டும். இப்போது பத்தாம் வகுப்புக்குச் சென்றுவிட்டதால் அவள் போட்டியில் கலந்துகொள்ளவில்லையாம். வினாக்களைச் சரிபார்த்துத் தர ஒப்புக்கொண்டிருக்கிறாள்.